அப்பா வலிக்குது என்று கத்தினார்

மட்டாஞ்சேரி,
வியாழக்கிழமை

அன்பு மகள் சங்கரிக்கு, அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவும் சுகம் என்று எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதை மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. நீ மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அதனால்தான் வாட்ஸப்பில் போடாமல் தாளில் எழுதி, சனிக்கிழமை அங்கே வருகிற மூக்கம்மாள் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். மெதுவாகப் படித்தால்தான் இது உனக்குள் இறங்கும். அப்பாவின் வலது கைக் கட்டைவிரல் முதல் கணுவோடு போய்விட்டது. இருபது நாள் ஆகிறது. உயிருக்கு ஒன்றுமில்லை, பதறாதே. சொல்லக்கூடாது என்று அவர்தான் என் வாயை அடைத்தார், அவ வேலையில இருக்கா, எதுக்குக் கலங்கடிக்கணும் என்றார். இதற்கிடையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாய். மூன்று தடவையும் அப்பா இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் காட்டினார். அங்கே ஊரான் கையெல்லாம் பார்த்துக் கையுறை எங்கே என்று கேட்கிற பாதுகாப்பு ஆபீசரான உனக்கு இது கண்ணில் படவில்லை.

நடந்ததைக் கேள். கிடங்கில் சுக்கு மூட்டையைக் கப்பியில் கயிறு போட்டு மாடிக்கு ஏற்றுவார்கள், அப்பா மேலே நின்று வாங்குவார் என்பது உனக்குத் தெரியும். கீழே கயிறு இழுக்கிற இசக்கிதுரை ஊருக்குப் போயிருந்தான். அவன் இடத்தில் வைப்பீன் தீவு மலையாளி ஒருவர், அப்பு என்று பெயர், வந்து இரண்டு நாள்தான், தமிழ் ஒரு சொல் தெரியாது. மூட்டை மேலே வந்தபோது அப்பாவின் கட்டைவிரல் கயிற்றுக்கும் கப்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. வலிக்குது வலிக்குது என்று கத்தியிருக்கிறார். மலையாளத்தில் வலிக்கு என்றால் இழு என்றுதானே. அப்பு உயிரைக் கொடுத்து இழுத்திருக்கிறார். இவர் கத்தக் கத்த அவர் இழுக்க, விரல் அதோடு போயிற்று. அந்த மனுஷர் தினமும் சாயங்காலம் இங்கே வந்து உட்கார்ந்து, அண்ணன் வலிக்கு வலிக்குன்னு பறஞ்ஞு, ஞான் வலிச்சு சேச்சீ என்று, இவர் இழுக்கச் சொன்னதாக நம்பி இழுத்ததையே சொல்லிச் சொல்லி அழுகிறார், கொடுத்த சாயாவைக்கூடத் தொடுவதில்லை. உன் அப்பா என்னவோ விரல் போனது அப்புவுக்கு என்கிற மாதிரி அவருக்கு ஆறுதல் சொல்கிறார். இந்த வீட்டில் கோபப்படுவதற்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

உன்னையும் விடப்போவதில்லை. போன லீவில் பிராட்வே கடைத்தெருவில் ஓர் அட்டையை லேமினேட் செய்து கொண்டுவந்து கிடங்குச் சுவரில் ஒட்டினாயே, அவசரத்தில் என்ன கத்த வேண்டும் என்று மலையாளம், இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் எழுதி. தமிழ் எங்கே என்று கேட்டேன். இடம் பத்தவில்லை, அப்பாவுக்குத்தான் மலையாளம் தெரியுமே என்றாய். தெரியும், முப்பது வருஷமாக மலையாளத்தில் பேரம் பேசி மலையாளத்தில் சண்டை போடுகிறவர்தான். விரல் நசுங்கும்போது வாயில் எது வரும்? அந்த அட்டையைத் தினமும் துடைத்துவிட்டு, என் மக எழுதினது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். நீ வாங்கிக் கொடுத்த கையுறைகளோ கிடங்கு ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. சோதனைக்கு அரசாங்க ஆபீசர் வருகிற அன்றைக்கு மட்டும் வெளியே வரும்.

இனித்தான் விஷயம். கிடங்கு மேனேஜர் வைத்தீஸ்வரன் திங்கட்கிழமை ஒரு காகிதத்தோடு வந்தார். பாலக்காட்டுக்காரர், நம்மிடம் தமிழில்தான் இனிக்க இனிக்கப் பேசுவார், காகிதம் மட்டும் மலையாளம். வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது கட்டைவிரல் ரேகை போதும் என்று மை டப்பாவையும் கொண்டுவந்திருந்தார். உன் அப்பா விரலை நீட்டிவிட்டார். நான் காகிதத்தைப் பிடுங்கி அப்புவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கையுறை போடாமல் கவனக்குறைவாக இருந்து காயத்தை நானே வரவழைத்துக்கொண்டேன், வேறு யார் மேலும் குற்றமில்லை என்று அப்பா சொல்வதாக இருக்கிறது. என் மகள் பார்க்காமல் இந்த வீட்டில் எந்த விரலும் மையில் படாது என்று சொல்லி மை டப்பாவை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன். அடுத்த புதன்கிழமை திரும்ப வருவாராம். தையல் பிரித்ததும் அதே கப்பிக்குப் போவேன் என்கிறார் உன் அப்பா. அந்தக் காகிதத்தில் ரேகை விழுந்தால் கிடங்கில் ஒன்றும் மாறாது சங்கரி, அடுத்து ஒன்பது விரலில் எது என்று நான் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

காகிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். கையுறை பூட்டிக் கிடந்ததையும், புது ஆளுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்காததையும் சேர்த்து நடந்தது நடந்தபடி மலையாளத்தில் எழுதி அனுப்பு, எவிடே வேணெங்கிலும் வந்நு பறயாம் என்று எங்கே கூப்பிட்டாலும் சாட்சிக்கு வர அப்பு சம்மதித்திருக்கிறார். முடிந்தால் நீயே வந்துவிடு. அந்த அட்டையில் தமிழையும் போடு. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, அம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. நான் எது அனுப்பினாலும் போனில் அந்த மஞ்சள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். இதற்கு அதை அனுப்பாதே. உன்னிடமிருந்து என்ன வந்தாலும் அப்பாதான் முதலில் எடுத்துப் பார்க்கிறார்.

கோபம் ஆறாத உன் அம்மா,
ஒச்சம்மாள் செல்லப்பா