எங்கள் ஒழுங்கையை எண்ணிய பெட்டி

2025 பெப்ரவரி 12, புதன்

காலையில், ரோட்டிலிருந்து ஆற்றுக்குப் போகும் சந்தான எங்கள் ஒழுங்கையின் ரோட்டு முனை லைட் போஸ்ட்டில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி பூட்டினார்கள். சோப்புப் பெட்டி அளவுதான். அதைக் கடந்து யார் போனாலும் ஒரு சிவப்பு வெளிச்சம் மினுங்குகிறது. பூட்ட வந்த பிள்ளையின் பெயர் நுஹா. வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி மட்டக்குளிக்கு வருகிறாளாம். பழைய கயிற்று மில் இருந்த இடத்தில், ஆற்றோரமாகக் கட்டியிருக்கிறார்களே ஆய்வு வளாகம், அங்கேதான் வேலை. என்ன பெட்டி இது என்று கேட்டேன். ஆட்களை எண்ணும் மெஷின் என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் எண்ணினவன் நான். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டை, பெட்டி, இரும்பு எதுவும் இந்த நோபேட்டின் தாளில் கோடு விழாமல் கேட்டைத் தாண்டியதில்லை. நாலு கோடு நேரே, ஐந்தாவது குறுக்கே. பென்ஷன் எடுத்து மூன்று வருடத்தில் என் வாசலுக்கே ஒரு சோப்புப் பெட்டி எண்ண வந்துவிட்டது.

என் மனைவி நேசத்திடம் சொல்லிக் குறைப்பட்டேன். அவள் இடியாப்பத் தட்டுகளைக் கழுவிக்கொண்டே, அது மணிக்கொரு தரம் தேத்தண்ணி கேட்காது என்பதையும் கவனிக்கச் சொன்னாள்.

பெப்ரவரி 13, வியாழன்

எங்கள் ஒழுங்கையில் த்ரீவீலர் ஓட்டும் ஹாஷிமின் ஆடு பெட்டியைக் கடந்தது. மினுங்கியது. ஆட்டுக்கும் கிறிஸ்தவனுக்கும் வித்தியாசம் தெரியாத மெஷின்.

பெப்ரவரி 18, செவ்வாய்

குறை சொல்லக்கூடாது. வளாகம் வந்த பிறகுதான் ஒழுங்கையில் லைட் எரிகிறது. மூன்று வருடத்துக்கு முன் இங்கே வரச் சொன்னால் த்ரீவீலர்காரர்கள் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போவார்கள். குப்பை மேடாக இருந்த ஆற்றங்கரையில் இப்போது ஆட்கள் உட்கார வாங்கு போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஜெயராணி தன் மேல்மாடி அறையை இரண்டு ஆராய்ச்சிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டு, புதுக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு திரிகிறாள்.

ஆனால் இன்று ஹாஷிம் ஒரு செய்தி கொண்டு வந்தான். அவன் த்ரீவீலரில் ஏறிய வளாகத்துக் காவல்காரர் சொன்னாராம். ஆற்றோரம் முழுக்க நடைபாதை வரப் போகிறது. ஆள் நடமாட்டம் இல்லாத ஒழுங்கைகளை ஆற்றுப் பக்கத்தில் மதில் கட்டி மூடிவிடுவார்கள். அதற்குத்தான் அந்தப் பெட்டி. ஆற்றுப் பக்கம் மூடினால் எங்கள் ஒழுங்கை முட்டுச் சந்து. எங்கள் முன்னறையில் நேசம் நடத்தும் இடியாப்பக் கடைக்கு யார் வருவார்கள்? சின்னக் கடைதான். அவள் பொழுது போக நடத்துகிறாள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்லுவது. என்றாலும் அது இல்லாமல் அவளை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பெட்டிக்கு ஆள்தானே வேண்டும்? கொடுத்தால் போயிற்று.

பெப்ரவரி 24, திங்கள்

ஜெயராணி தலைமையில் நடைப் படை தொடங்கிவிட்டது. பெண்கள் இருபது பேர், பின்னேரம் ஐந்து மணிக்கு. கேட்டால் சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னாராம். பெட்டியைத் தாண்டிப் பத்தடி போவதும் திரும்புவதும். ஒழுங்கையில் இத்தனை பேருக்குச் சீனி என்று எனக்கு இதுவரை தெரியாது.

மார்ச் 7, வெள்ளி

தவக்காலத்து முதல் வெள்ளி. சிலுவைப்பாதையை இந்த முறை எங்கள் ஒழுங்கையில் வைத்தால் என்ன, வயதானவர்களுக்கு ஆற்றுக் காற்று நல்லதுதானே என்று ரெனால்ட் ஃபாதரிடம் போன கிழமை பக்குவமாகச் சொல்லியிருந்தேன். ஃபாதருக்குச் சந்தோஷம். நின்று செபிக்கும் தலங்கள் பதினான்கையும் எங்கெங்கே வைப்பது என்ற பொறுப்பையும் என்னிடமே தந்தார்.

வைத்தேன். முதலாம் தலம் பெட்டிக்கு இந்தப் பக்கம், இரண்டாம் தலம் அந்தப் பக்கம், மூன்றாம் தலம் மறுபடி இந்தப் பக்கம். நூற்றிருபது பேர், பதின்மூன்று தரம். ஆயிரத்து ஐந்நூற்று அறுபது மினுங்கல். கர்த்தர் மூன்றாம் முறை விழுந்த இடத்தில் ஜெயராணியும் முழங்கால் நொந்து உட்கார்ந்துவிட்டாள். ஏன் இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறோம் என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, கல்வாரிப் பாதை நேராக இருக்கவில்லை என்றேன். அவர் தலையாட்டினார்.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் அதே. நூற்று நாற்பது பேர். பக்தி கூடிவருகிறது.

மார்ச் 28, வெள்ளி

வளாகத்தில் கூட்டம். ஒழுங்கைக்காரர் எல்லோரையும் அழைத்து தேத்தண்ணியும் ரோல்ஸும் தந்தார்கள். நுஹா புதுச் சல்வார் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் நின்றாள். இது அவள் பெயரில் வரும் முதல் அறிக்கையாம். எங்கள் ஒழுங்கையைக் காட்டி, நாளொன்றுக்குச் சராசரி ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆற்றுக்குப் போகிறார்கள், தங்களுக்கே ஆச்சரியம் என்றாள். ஜெயராணி என் விலாவில் இடித்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு நடைபாதை போடும் எஞ்சினியர் எழும்பினார். இவ்வளவு சனம் வருகிற ஒழுங்கையை மூட முடியாது என்றார். எனக்குக் கைதட்டத் தோன்றியது. அடுத்த வசனத்தில், இதுதான் நடைபாதையின் பிரதான வாசலாக இருக்க வேண்டும், ஒன்பது அடி ஒழுங்கையை இருபது அடியாக்க வேண்டும் என்றார். ஒரு பக்கம் பழைய ஸ்டோர்ஸ் கிடங்கின் மதில். அதைத் தொட முடியாது. மற்றப் பக்கம் நாங்கள். படத்தில் எங்கள் வீட்டு முகப்பில் சிவப்புக் கோடு கோடாகக் கீறியிருந்தார்கள்.

நேசம் எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தாள். “இந்தச் சிவப்பு எங்கட முன்னறைதானே?” என்று கேட்டாள். ஓம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் முன்னறையைக் காலடியால் அளந்தாள்.

ஐயோ, என்னத்தைச் செய்தனான் நான்? என்ட தலையில நானே மண்ணள்ளிப் போட்டுட்டன். என்ட தலையெண்டாலும் பரவாயில்லை — அவளின்ட தலையில எல்லோ போட்டனான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று என்னை முட்டாளாக்க யாரும் முயலவில்லை. வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 12, சனி

நாளை குருத்தோலை ஞாயிறு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், சோம்பல், வழக்கமான சாமான்களை எல்லாம் முதலில் இறக்கினேன். பிறகு பெட்டி விஷயத்தைச் சொன்னேன். சிலுவைப்பாதையைப் பற்றியும் சொன்னேன்.

வலைக்கு அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஃபாதர், “ஒவ்வொரு வெள்ளியும் முன்னுக்கு நின்று நடத்தினவன் நான்தானே, நோபேட்” என்றார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா, தெரியவில்லை. பரிகாரம் பத்து ‘அருள் நிறைந்த மரியே’ செபம் அல்ல. அந்தப் பிள்ளையிடம் நேரே போய்ச் சொல்ல வேண்டும். தானும் வருவாராம்.

ஏப்ரல் 16, புதன்

போனோம். நுஹாவின் மேசைக்கு முன்னால் நானும், அங்கி போட்ட ஃபாதரும், குழப்படிக்குப் பிடிபட்ட பிள்ளைகள் மாதிரி. நடைப் படை, தலங்கள், ஆடு எல்லாம் சொன்னேன். ஆட்டைச் சொல்லும்போது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“என்ட பேர்ல போன முதல் ரிப்போர்ட் அங்கிள் இது” என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. துறைமுகத்தில் ஒருவன் என் தாளில் ஒரு கோடு கூட்டிப் போட்டதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவன் நான். இவளுடைய தாள் முழுவதையும் கெடுத்திருக்கிறேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நிதானமாக விளக்கினாள். ஆற்றுக்குப் போகிறவர்கள் நாளுக்கு நூறுக்குக் குறைந்தால் மூடுவது. ஆயிரத்தைத் தாண்டினால் அகலமாக்குவது. இரண்டுக்கும் நடுவில் என்றால் உள்ளதை உள்ளபடி விடுவது. நாங்கள் பேசாமல் வீட்டில் இருந்திருந்தாலே போதும் போலிருக்கிறது. மேலிடத்தில் தவறை ஒப்புக்கொண்டு மறுபடி எண்ணப் போகிறாளாம், மெஷினால் அல்ல, கையால். யார் எண்ணுவது என்று ஃபாதர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். “கள்ளக் கணக்கு எந்தப் பக்கத்தால வரும்னு இவருக்குத்தான் தெரியும்” என்றாள்.

வெசாக் பண்டிகை முடிந்ததும் தொடக்கம். சொல்லாமல் கொள்ளாமல் அவளும் இடையில் வந்து எண்ணிப் பார்ப்பாளாம்.

மே 19, திங்கள்

காலை ஆறுக்கே கடை வாசலில் கதிரை போட்டாயிற்று. ஒழுங்கையின் இரண்டு முனையும் தெரியும் இடம். தாளில் மூன்று நிரல்: ஆறு, வீடு, கடை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கோடு. ஆடுகள் சேர்த்தியில்லை.

மூன்று வருடத்துக்குப் பிறகு கையில் தாளும் பென்சிலும். சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

மே 21, புதன்

ஜெயராணி இன்று ஆற்றுக்கு ஆறு தரம் போனாள். ஒரு கோடுதான் போட்டேன். பத்து வருடமாக எங்களுக்கு உப்பும் புளியும் தந்தவளுக்கு ஒரே ஒரு கோடா என்று கேட்டுவிட்டு, புதுக் கண்ணாடியைக் கழற்றி முறைத்தாள். ஹாஷிம், போன பொய் ஒழுங்கைக்காகத்தானே, இந்தப் பொய்யும் ஒழுங்கைக்காகத்தானே என்கிறான். அவனுக்கும் நாளுக்கு ஒன்று என்றுதான் கோடு போட்டேன்.

இன்னொன்று. கழுத்தில் வளாகத்து அட்டை தொங்கவிட்ட ஆட்கள் நிறையப் பேர் கடைக்கு வருகிறார்கள். ஆற்றுப் பக்கத்தால் வந்து ஆற்றுப் பக்கத்தாலேயே போகிறார்கள். பெட்டி இருந்தது ரோட்டுப் பக்கம். அது இவர்களில் ஒருவரைக்கூடக் கண்டிருக்காது. கப்பலில் மாலுமிகளின் சாமானைத் தனியாகக் குறிப்பது போல, இவர்களின் கோட்டுக்கு ஒரு சின்ன வட்டம் போட்டேன்.

மே 25, ஞாயிறு

முடிந்தது. ஏழு நாள் சராசரி. ஆறு: முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டு. நூறு அல்ல. தொண்ணூறு என்றாலும் மனசை ஏமாற்றலாம். நாளுக்கு ஐந்தைந்தாகப் பதின்மூன்று குறுக்குக் கோடு சேர்த்தால் விஷயம் முடிந்துவிடும். யாருக்குத் தெரியும்? பென்சிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். நேசம் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“உள்ளதை எழுதுங்க” என்றாள். “மூடினா மூடட்டும். அந்தப் பிள்ளை இன்னொருக்கா அழக்கூடாது. நான் வேற எங்கேயும் பிழிவன்.”

எழுதினேன். வீடு நாற்பத்தொன்று. பிறகு கடை நிரலைக் கூட்டினேன். நூற்று நாற்பத்தெட்டு. பிழை என்று நினைத்து மறுபடி கூட்டினேன். நூற்று நாற்பத்தெட்டுத்தான். ஒவ்வொரு நாளும் இத்தனை பேர் என் மனைவியின் கையால் சாப்பிடுவதற்காக இந்த ஒழுங்கைக்குள் வருகிறார்கள். நான் எட்டு மணிக்கு எழும்பித் தேத்தண்ணி கேட்கும்போது அவள் பாதிப் பேரை அனுப்பி முடித்திருப்பாள். பொழுது போக்குகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எனக்கு என்னை நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. அவளிடம் அந்த எண்ணைக் காட்டினேன். தெரியும் என்று சொல்லிவிட்டு அரிசிமா வறுக்கப் போனாள்.

ஜூன் 20, வெள்ளி

மறுபடி கூட்டம். இந்த முறை ரோல்ஸ் இல்லை.

பழைய எண்ணிக்கை பிழை என்று நுஹா முதலிலேயே சொன்னாள். யாரால் என்று சொல்லவில்லை. நானே எழும்பிச் சொன்னேன். ஃபாதரும் எழும்பினார். எஞ்சினியர் முப்பத்தெட்டைப் பார்த்ததும் மூடுவதுதான் முறை என்றார். நேசம் நேரே திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நுஹா வட்டம் போட்ட கோடுகளைத் திரையில் காட்டினாள். ஒவ்வொரு நாளும் அறுபத்து நாலு பேர் வளாகத்திலிருந்து ஆற்றங்கரையால் நடந்து வந்து ஒரே கடையில் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். மதில் கட்டினால் இவர்கள் எந்தப் பக்கத்தால் வருவது? வளாகத்தை ஊரோடு சேர்க்க நடைபாதை போடுகிறோம் என்கிறோம். அந்தப் பாதையில் இவர்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறார்களே என்றாள். முன் வரிசையில் இருந்த, வளாகத்தை நடத்தும் பணிப்பாளர் தொண்டையைச் செருமினார். அந்த அறுபத்து நாலில் அவரும் ஒருவர். ஏழரைக்கு வருவார், சம்பல் இரண்டாம் தரமும் கேட்பார். சரி, மூடவும் வேண்டாம், அகலமாக்கவும் வேண்டாம், பாதை ஒழுங்கையில் வந்து சேரட்டும் என்றார்.

வெளியே வந்து நுஹாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இது எத்தனையாவது தரம் என்று தெரியவில்லை. அவள், இந்த அறிக்கையில் எண்ணியவர் என்று என் பெயரையும் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

செப்டம்பர் 8, திங்கள்

நடைபாதை திறந்து இரண்டு கிழமை. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி ஆட்களெல்லாம் காலையில் ஓட வருகிறார்கள். ஓடி முடிந்ததும் பசிக்கிறது. நேசத்தின் வலது தோள் பிடித்துக்கொண்டது. அவள் சொல்லவில்லை, நான் பார்த்தேன்.

இன்று நாலரைக்கு எழும்பி இடியாப்ப உரலை அவள் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். முதல் இருபது இடியாப்பம் ஆட்டுக்குத்தான் ஆகும் என்றாள். அடுத்தவை பரவாயில்லையாம். பிழியப் பிழிய, அடுப்பில் ஏற்றிய தட்டுகளைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நேசம் சொதியைத் துழாவுவதை நிறுத்தித் திரும்பினாள்.

“எண்ணினது போதும்,” என்றாள். “பிழியுங்க.”

பிழிந்தேன்.