உன் எழுத்தை நெருக்கிவிட்டார்கள்

அன்புள்ள எஸ்தர் அக்கா,

அழுதுகொண்டு எழுத வேண்டிய கடிதம் இது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீ வரைந்த எழுத்துருவில் முதன்முதலாக ஒரு புத்தகம் வந்துவிட்டது. தடித்த நாவல். கோரிப்பாளையத்துப் பதிப்பாளர் செல்லூரில் நம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். 'எழுத்து வடிவம்: எஸ்தர்' என்று போட்டிருந்த இடத்தை அம்மா தடவித் தடவிப் பார்த்தாள்.

பிறகு படிக்க உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்தாள், ஜன்னலோரம் போனாள், மறுபடி துடைத்தாள். "எம்புள்ள எழுத்தே எனக்குத் தெரியலையே. கண்ணு போச்சுடி ரூத்து" என்று மூடி வைத்துவிட்டாள்.

அந்த அம்மாவை வைத்துத்தானே நீ ஒவ்வொரு எழுத்தையும் சோதித்தாய்? ஒரு கதையை அச்செடுத்து அவள் மடியில் போடுவாய். அவள் கண்ணைக் கசக்கிய வரியில் பென்சிலால் கோடு கிழிப்பாய். தடித்தும் மெலிந்தும் ஓடும் கோடுகள், அடியில் சின்னப் பாதங்கள், சுழிகளுக்குள் தாராளமான இடம். ராத்திரி பகலாகப் படித்தாலும் கண் நோகாத எழுத்து.

புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். எல்லா எழுத்தையும் பக்கவாட்டில் அமுக்கியிருந்தார்கள். நிற்கும் கோடுகள் நோஞ்சானாகி, சுழிகள் அடைத்துப்போயிருந்தன. நேற்று நேராகப் பதிப்பாளர் கடைக்கே போய்க் கேட்டேன்.

"லேசாத்தாம்மா நெருக்குனோம். இல்லேன்னா நூறு பக்கம் கூடிரும். தாளு விக்கிற விலைக்கு யாரு வாங்குவா?"

"எங்கக்கா என்ன சொல்லிக் குடுத்தா?"

"நெருக்கக் கூடாதுன்னுச்சு. அதுக்கு இம்புட்டுக் கோவமா? வேணும்னா அடுத்த பதிப்புல பேரை எடுத்துர்றேன்."

எவ்வளவு திமிர் பார்த்தாயா? பேரை எடுத்துவிட்டால் அது உன் எழுத்து இல்லை என்றாகிவிடுமா?

உன் மேலும் கோபம்தான் அக்கா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, அவர் வாய்ப்பேச்சை நம்பி எழுத்துருவைச் சும்மா தூக்கிக் கொடுத்தாயே! ஏன் அப்படி நம்பினாய்? உனக்கு இனி நேரமில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டதா?

இன்று சர்ச்சிலிருந்து வந்ததும், நாவலின் முதல் அத்தியாயத்தை உன் கம்ப்யூட்டரில் அடித்து, நெருக்காமல் அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் தலைநிமிர்ந்தாள்.

"கண்ணு தெரியுதேடி!"

அப்புறம்தான் நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து செருப்பை மாட்டினாள். "வாடி, போவோம். எம்புள்ளைய நெரிச்சதும் இல்லாம, என்னைக் குருடின்னு நம்ப வச்சுட்டான்."

ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருக்கும் என்று சொல்லிப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

நாளைக் காலையில் போகிறோம். உன் பேரை எடுக்க விடமாட்டோம். உன் எழுத்தை நெருக்கியபடி இன்னொரு பதிப்பு போடவும் விடமாட்டோம். இது சத்தியம். கடை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் அச்சடித்த நாவலை அவருக்கே அம்மா சத்தமாக வாசித்துக் காட்டப் போகிறாளாம். எழுத்து தெரியாத இடத்திலெல்லாம் நிறுத்தி, "இது என்னய்யா?" என்று கேட்பாளாம். கடைசிப் பக்கம் வரைக்கும் எந்திரிக்க மாட்டாளாம்.

கூடவே உட்காரப் போகும்
உன் தங்கச்சி ரூத்