லேபிளில் மிஞ்சிய நாலு வரி

மார்ச் 3, செவ்வாய்

சோப்புக்கு லேபிள் அச்சாகி வந்துவிட்டது. பச்சை இலைப் படம், கீழே ஆர்கானிக், இயற்கையானது, ரசாயனமற்றது, மக்கும் உறை. ஒன்றையும் விடவில்லை நான்! தெருமுனைப் பெரிய கடையில் பசுமை அலமாரியில் எனக்கு ஒரு தட்டு ஒதுக்குகிறார்களாம். இரண்டு வருடம் அக்கம்பக்கத்துக்கு ஓசியில் கொடுத்தது போதும். இனி நானும் தொழில்காரி.

மார்ச் 5

கடைக்காரம்மா லேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆதாரம் இருக்காம்மா? யாராவது கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?" இந்த மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் தட்டு வேறொருவருக்கு.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான்.

மார்ச் 6

"எங்க அக்காவைக் கேளேன்" என்கிறார் இவர். வேதியியல் டீச்சர், என் நாத்தனார்; அண்ணி என்று கூப்பிடுவேன். அவரிடம் போய் நான் நிற்பதா? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன — போனேன்.

முதல் அடி 'ரசாயனமற்றது'க்கு. "தண்ணியே ரசாயனம்தாம்மா. நீ ஊத்துற காஸ்டிக் சோடா என்ன, பன்னீரா?" சிவப்பு மையால் ஒரே இழுப்பு. ஆர்கானிக்? "எண்ணெய் வந்த தோட்டத்துலேருந்து உன் அடுப்படி வரைக்கும் சான்றிதழ் இருக்கா?" இல்லை. இழுப்பு. இயற்கையானது? "நச்சுக் காளானும் இயற்கைதான்." எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்த வாய்க்குப் பயந்தா கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஒளிந்துகொண்டிருந்தேன்?

'மக்கும் உறை'யை மட்டும் அடிக்கவில்லை. "பூந்தொட்டியில புதைச்சுப் பாரு."

மார்ச் 27

புதைத்த உறையை இன்று அண்ணியும் நானும் தோண்டினோம். புதுப்பெண் மாதிரி மினுமினுவென்று வருகிறது! விற்றவரைப் போனில் பிடித்தால், "அது உரம் பண்ற ஆலைச் சூட்டுலதாம்மா மக்கும், தொட்டியில எப்படி?" என்கிறார். படுபாவி, வாங்கும்போதே சொன்னால் என்ன? அண்ணி தொட்டியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார். இனிமேல் பழுப்புக் காகிதமும் நூலும்தான்.

மார்ச் 29

மிஞ்சியது இவ்வளவுதான்: தேங்காய் எண்ணெய். விளக்கெண்ணெய். தண்ணீர். காஸ்டிக் சோடா, எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகிவிட்டது.

மொட்டையடித்தாற்போல் இருக்கிறது லேபிள். யார் வாங்குவார்கள்?

மார்ச் 31

கடைக்காரம்மா படித்தார், சரி என்றார். ஆனால் பசுமை அலமாரியில் வைக்க மாட்டாராம். "அந்த வார்த்தை ஒண்ணுகூட இதுல இல்லையே, அங்க எப்படி வைக்கிறது?" கடைசியில் சாதாரண சோப்பு வரிசை, அதுவும் துணி சோப்புக்குப் பக்கத்தில். போச்சு. எல்லாம் போச்சு.

ஏப்ரல் 9

பொறுக்க முடியாமல் கடைக்குப் போனேன். ஷாம்பூ பார்ப்பவள் போல நின்றேன். கையெல்லாம் கிரீஸ் படிந்த மெக்கானிக் ஒருவர் என் சோப்பை எடுத்தார். நாலு வரியையும் உதடு அசைய, கடைசி வரை படித்தார். இரண்டைக் கூடையில் போட்டார்.

"போன வாரம் வாங்கினது அதுக்குள்ள தீர்ந்துடுச்சா?" என்றாள் அவர் மனைவி.

"கைக்கு ஒத்துக்குதுடி. தினமும் போடுறேன்ல."

இன்னொன்றும் எடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். தட்டில் மூன்றே மூன்று மிச்சம். வாசலுக்கு ஓடிவந்து போன் போட்டேன்: "அண்ணி, சனிக்கிழமை லீவுதானே? சோப்பு ஊத்தணும், வாங்க!"