அப்பாவின் குரலுக்கு ஒரு கையெழுத்து

குருநகர்,
6.11.1993

அன்பு மகன் அடைக்கலநாதனுக்கு,

மாதா துணை. அம்மா எழுதுகிறேன். முழங்கால் உளைவைத் தவிர எனக்குக் குறையில்லை. அப்பா இல்லாத வீட்டில் ஒன்பது மாதம் போய்விட்டது. கொழும்புக்குப் போகிற பங்குச் சுவாமியிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

லண்டனில் நீ பேராசிரியர் ஆனதைப் பூசையில் சொன்னார்கள். என்ன படிப்பிக்கிறான் என்று கேட்பவர்களுக்கு, பாட்டும் புத்தகமும் ஆக்கினவனுக்கே சொந்தம் என்கிற சட்டம் என்று சொல்கிறேன். பக்கத்து வீட்டு மக்டலீன் விடுவாளா? காணிக்கு வேலி போட்டு அடிபட்டது போதாதெண்டு உன்ரை மோன் பாட்டுக்கும் வேலி போடுறானோ என்று கேட்டாள். நானும் சிரித்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. அப்பா கட்டிப் பாடின மாதா புலம்பல் பாட்டை, கசற் கடை லியோன் பேர் போடாமல் விற்றான் என்று உனக்குக் கோபம். கோபம் சரிதான். ஆனால் நீ அவனுக்கு எழுதின கடிதத்தைக் கண்டு பயந்து, கடையில் இருந்த அப்பாவின் கசற் எல்லாவற்றையும் அழித்துவிட்டான். முதலில் பதிந்ததையும்தான். மாமி, என்னைக் கோட்டுக்கு இழுக்க வேண்டாமெண்டு அண்ணைக்கு எழுதுங்கோ என்று வாசலில் நின்று அழுதான்.

இனி என்னிடம் இருக்கிற ஒரு கசற்தான் மிச்சம். இங்கே கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மக்டலீன் பெடலைச் சுற்ற, டைனமோவில் கசற் றேடியோ பாடும். அவள் களைத்தால் அப்பாவின் குரலும் களைக்கும். போன மாதம் நாடா சிக்கி இரண்டு வரி போய்விட்டது. இதிலிருந்து இன்னொன்று அடித்துத் தா என்று லியோனைக் கேட்டேன். அண்ணையின்ரை கையெழுத்து இல்லாமல் தொடமாட்டன் என்கிறான்.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லோரும் சேமக்காலைக் கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொண்டு போனார்கள். தொழிலுக்குப் போனவரைக் கடல் திருப்பித் தரவில்லையே, நான் எந்தக் குழியில் கொளுத்துவது? றேடியோவுக்கு முன்னால் கொளுத்தினேன். கசற்றைப் போடப் பயந்து சும்மா இருந்தேன்.

அந்தப் பாட்டு இனி அம்மாவுக்கும் எனக்கும் சொந்தம் என்று லியோனுக்கு எழுதியிருந்தாயாம். என்னுடைய பங்குக்கு நான் சம்மதம். அவன் அடிக்கட்டும், விரும்பினவர்கள் கேட்கட்டும், அப்பாவின் பேரை மட்டும் போடட்டும். உன்னுடைய பங்குக்கு ஒரு துண்டு எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்பு. கெதியாக அனுப்பு, மகன். நாடா தாங்காது.

பாட்டு முடிந்த பிறகு அப்பா இருமிவிட்டு, பதிஞ்சுதோ லியோன் என்று கேட்கிறார். அவன் சொன்ன பதில் அதில் இல்லை. ஒவ்வொரு தடவையும் நான்தான் ஓம் என்று சொல்கிறேன்.

குளிருக்குள் தலையை மூடிக்கொண்டு போ. மாதா உன்னைக் கைவிடமாட்டா.

அம்மா
யோசப்பின்