மினுங்கின இடமெல்லாம்

பிப்ரவரி 11

சின்னவளுக்கு இன்று முதலாவது ஊசி. என் கொழுந்தன் பெண்டாட்டி. அவனும் போய்ச் சேர்ந்தாச்சு, பிள்ளை குட்டியும் இல்லை, எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன்.

என் பேத்தி பிறந்தபோது, வந்தவர்கள் முன்னால் என்னைக் காட்டி, "நல்லவேளை, பெரியவங்க மூக்கு வரல" என்று சொன்னவள் இவள். பதினாறு வருஷம் ஆச்சு. மறப்பேனா?

புற்றுக்குப் புது மருந்தாம். கண்ணுக்கே தெரியாத தங்கத் தூள், அதன்மேல் மருந்தைப் பூசி நரம்பில் ஏற்றுகிறார்கள். மருந்து போய்ச் சேர்ந்த இடம் ஸ்கேனில் மினுங்குமாம். டாக்டரம்மா இன்னும் என்னவோ சொன்னார். நான் அந்த மூக்குப் பேச்சையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு குண்டுமணித் தங்கம் போட்டதில்ல உங்க கொழுந்தன். இப்ப நரம்புலயே ஏத்துறாங்க அக்கா" என்றாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

படத்தில் நெஞ்சில் ஒரே ஒரு புள்ளி.

பிப்ரவரி 13

ராத்திரியெல்லாம் வாந்தி. வாளி கழுவினேன். நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 9

இரண்டாவது ஊசி, மறுபடி ஸ்கேன். கதவு திறந்திருந்தது, திரையைப் பார்த்துவிட்டேன். கழுத்து, முதுகு, இடுப்பு — எங்கே பார்த்தாலும் மினுக்கம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வந்தவளிடம் ஓடிப்போய், "அடியே, ஒடம்பு பூரா மருந்து போயிருக்கு! பொழச்சுட்ட போ!" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். "அப்படியாக்கா?" என்று சிரித்தாள்.

மார்ச் 10

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நோய் இருக்குற இடத்துலதாம்மா அது போய் ஒட்டும். மினுங்கின இடமெல்லாம்..." முடிக்கவில்லை.

ஐயோ. என் வாயாலேயே சொல்லியிருக்கேனே. அவளுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் சிரிச்சாளா?

மார்ச் 11

எழுத ஓடவில்லை.

மார்ச் 15

கேட்டே விட்டேன்.

"மொத நாளே டாக்டர் சொன்னாங்களேக்கா. நீங்கதான் கவனிக்கல."

"அப்ப ஏன்டி வாய மூடிக்கிட்டு இருந்த?"

"நீங்க எனக்காக சந்தோஷப்பட்டு நான் பாத்ததே இல்ல. கெடுப்பானேன்?"

இனி ஊசி வேண்டாமாம். கத்தினேன், திட்டினேன். மசியவில்லை. அழுத்தக்காரி.

ஏப்ரல் 2

முதுகைத் தேய்த்துவிட்டேன். எலும்புதான் கையில் தட்டுகிறது. "மெதுவா, என்ன பாத்திரமா தேய்க்கிறீங்க?" என்கிறாள். வாய் மட்டும் குறையவில்லை.

ஏப்ரல் 19

தண்ணீர் இறங்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.

மே 27

பேத்திக்குப் பரீட்சை. சின்னவள் அறை சும்மாதானே இருக்கிறது, அங்கே படித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன் என்றாள். ஜன்னல் சரியாகச் சாத்தாது, வேண்டாம் என்றேன்.

அந்த ஜன்னலுக்கு ஒரு கோளாறும் இல்லை.