பாறவிளைத் திருப்பத்து ஆறாவது வால்வு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து சாரல். பி.பி. 150/90. வழக்கமாக 130. பயம் அல்ல, கிளம்பும் பரபரப்பு என்று நினைக்கிறேன். இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம்.

போன வாரம் குடிநீர் அலுவலகத்திலிருந்து போன். ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம். அலமாரியில் கிடைத்த பழைய குழாய் வரைபடத்தின் மூலையில் என் கையெழுத்தாம். இப்போது ஊராட்சியின் குழாய், வால்வு, தொட்டி எல்லாவற்றையும் செயற்கைக்கோள் வழியாக இடம் குறித்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். "படம் வரைஞ்ச சார் கூட இருந்தா நல்லது." மறுக்க மூன்று காரணம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது "சரி".

எடுத்துக்கொண்டவை: அளவுப் புத்தகம், 30 மீட்டர் டேப், பென்சில் 2, அழிப்பான், குடை, மாத்திரை, மட்டி வாழைப்பழம் 2.

வாசலில் மனைவி சொர்ணம் (சொ.): "எழுவத்தி நாலு வயசுல ரோடு அளக்கப் போறிய. கல்யாணம் ஆன மறுநாளும் இந்த டேப்பத் தூக்கிக்கிட்டுதான் போனிய. நான் என்னத்தச் சொல்ல!" சொல்லிவிட்டுக் குடையை வாங்கி, நல்ல குடையாக மாற்றித் தந்தாள்.

சர்வே செய்ய வந்திருப்பவள் ஜெனிஷா (இனி ஜெ.). மார்த்தாண்டம் பக்கம். முப்பது வயதிருக்கும். ஒரு கம்பு, அதன் தலையில் வெள்ளைக் காளான் மாதிரி ஒரு கருவி. தரையில் ஊன்றியதும் கையிலுள்ள போனில் எண்கள் ஓடி, ஓடி, நின்றன.

"சாரே, இப்ப இருவத்திரெண்டு சாட்டிலைட்டு நம்மளப் பாத்துக்கிட்டு நிக்குது."

நிமிர்ந்து பார்த்துவிட்டேன். மேகம்தான். அவள் சிரித்துவிட்டாள். ஆனாலும் இருபத்திரண்டு! விரற்கடை அளவுக்குத் துல்லியமாக இடம் சொல்லுமாம். நாங்கள் ஒரு வால்வுக்கு அரை நாள் டேப் பிடித்தோம். இந்த வயதில் இதைப் பார்க்கக் கிடைத்ததே.

கூட இருப்பவர் ராசையன் (ரா.), ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். என்னைக் கண்டதும், "உத்தேசம் பிள்ள வந்தாச்சு! இனி எல்லாம் கிட்டிரும்!" அலுவலகத்தில் எனக்கிருந்த பட்டப்பெயர் எப்படி இவர் வரை வந்தது? நான் வரைந்த படத்தில் ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் பென்சிலில் 'உத்தேசம்' என்று எழுதியிருப்பேன். பொய் சொல்லிவிடக் கூடாதே என்றுதான்.

இன்று ஏற்பாடு மட்டும். படத்தில் வால்வு ஆறு. எல்லாம் மெயின் ரோட்டில், மைல்கல்லிலிருந்து கிழக்கே இத்தனை மீட்டர் என்று அளந்தவை. ஆகவே மைல்கல்லில் கருவியை ஊன்றினாள். அதே கல். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், யாரும் பார்க்காதபோது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காற்று பலம். குடை ஒரு தடவை திரும்பிக்கொண்டது.

முக்கியமான விஷயம் இன்றுதான் தெரிந்தது. ஆறில் ஐந்து வால்வு கண்ணுக்குத் தெரிகிறது. ஆறாவது, மேட்டிலுள்ள பாறவிளைக்கு (பா.வி.) ஏறும் திருப்பத்தில் உள்ளது, காணவில்லை. பல வருடம் முன்பு மேட்டில் குழாய் உடைந்தபோது அதை மூடினார்களாம். குழாயை மாற்றி முடித்து வருவதற்குள் வால்வின் மேலே தார் போட்டாயிற்று. இப்போது அதன்மேல் சிமெண்ட் ரோடு. மூடிய ஆளும் இறந்துவிட்டார். பா.வி.யில் நாற்பது வீடு. வாரம் இரண்டு நாள் லாரித் தண்ணீர்.

ஜெ. சொன்னாள்: சனிக்கிழமை சாயங்காலம் படம் ஏறிவிடும். அதற்குள் வால்வைக் காட்டாவிட்டால் அந்தக் குழாய் 'பயன்பாட்டில் இல்லை' என்று போய்விடும். அப்புறம் படத்தில் பா.வி.க்குக் குழாயே கிடையாது. இல்லாத குழாயைப் பழுதுபார்க்க யார் வருவார்கள்?

அந்தக் குழாய் பதித்த நாளில் நான் பக்கத்தில் நின்றேன்.

"அப்ப எளுப்பம்தானே சாரே," என்றாள். "உங்க அளவுல எங்கண்ணு இருக்கோ அங்க குழி."

சோதிக்க முதலில் ஒன்றாம் வால்வு, அம்மன் கோவில் முன்னால். என் அளவு காட்டிய இடத்தில் ஜெ. சாக்பீஸில் வட்டம் போட்டாள். வால்வு அங்கே இல்லை. நல்ல தூரம் மேற்கே, மூடி போட்டு, எல்லோரும் பார்க்க, உட்கார்ந்திருக்கிறது.

ரா. வட்டத்தையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். "உத்தேசம்ணா உத்தேசம்தான்."

மட்டிப்பழம் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

வா.2 பள்ளிக்கூடம்: தப்பு. வா.3 சர்ச் கேட்: தப்பு. வா.4 ரேஷன் கடை: தப்பு. வா.5: கேட்கவே வேண்டாம்.

ஐந்தும் தப்பு. ஜெ. தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பா.வி. திருப்பத்தில் இரும்பு தேடும் கருவி வைத்தும் பார்த்தார்கள். சிமெண்டுக்குள் கம்பி வலை. ரோடு முழுக்கக் கத்துகிறது.

பா.வி.யிலிருந்து குடத்தோடு இறங்கிய வயலட் என்ற பெண் நின்று கேட்டாள்: "பாட்டா, நீங்கதான் குழாய்ப் படம் போட்ட ஆளா? எங்களுக்குக் குழாயில வெள்ளம் வருமா, வராதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." நான் "பார்க்கலாம்" என்றேன். "இதத்தான் எல்லாவனும் சொல்லுகான்," என்று குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு போனாள்.

வீடு. தீயல் குழம்பு வைத்திருந்தாள் சொ. ருசி தெரியவில்லை. என் முப்பத்திரண்டு வருட வேலையில் எத்தனை படம்? எத்தனை ஊர்? எல்லாமே இப்படியா?

ஆகஸ்ட் 7, வியாழன்

!!

முறையாக எழுத வேண்டும்.

காலையில் போகவில்லை. காய்ச்சல் என்று ஜெ.க்குச் செய்தி அனுப்பினேன் (பொய்). சும்மா இருக்கவும் முடியவில்லை. இரண்டு நாளும் குறித்த தப்புகளை அட்டவணை போட்டேன். எவ்வளவு தப்பு என்றாவது தெரியட்டும்.

வா.1: மேற்கே 14.2 மீ.
வா.2: மேற்கே 14.1
வா.3: மேற்கே 14.3
வா.4: மேற்கே 14.2
வா.5: மேற்கே 14.2

பார்த்துக்கொண்டே இருந்தேன். சொ. தேங்காய் துருவும் சத்தம். தப்புக் கணக்கு எங்கேயாவது இப்படி ஒழுங்காக வருமா? டேப் தொய்ந்தால் தூரம் கூடக் கூடத் தப்பும் கூட வேண்டும். கூடவில்லை. ஐந்து தப்பு இல்லை. ஒரே தப்பு. ஐந்துக்கும் ஆரம்பத்தில் ஒரே தப்பு.

ஆரம்பம் மைல்கல்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன் (ஓடவில்லை, ஆட்டோ). மைல்கல் நிற்பது குமாரதாஸின் வாழைக்குலைக் கடை முன்னால். அவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். ஒரு செந்துளுவன் குலையைக் கல்மேல் சாய்த்து வைத்திருந்தார். இந்தக் கல் எப்போதும் இங்கேதானா என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டேன்.

"இதா? இது முந்தி இஞ்ச இல்லல்லா சாரே. ரோடு அகலம் கூட்டுனப்ப புடுங்கி ஓடையில தள்ளிட்டுப் போயிட்டானுவ. ரோட்டு வேலைக்காரங்க வருசா வருசம் ஆயுத பூசைக்குச் சந்தனம் வச்சு மாலை போடுக கல்லு. சகதியில கெடந்தா நல்லாவா இருக்கும்? நானும் அப்பாவுமா உருட்டிக் கொண்டாந்து கடைக்கு முன்ன நட்டோம். பொரியும் கடலையும் இங்கயே கிட்டும், பாத்துக்கிடுங்க."

"முன்னால் எங்கே நின்றது?"

"அங்கோடி, மேக்க, ஓடைக்கு இந்தப் பக்கம்."

"எவ்வளவு தூரம் இருக்கும்?"

யோசித்தார். "குலையத் தோளுல வச்சு நடந்தா ஒரு இருவது எட்டு."

குலை இல்லாமல் நடந்து பார்த்தேன். பத்தொன்பது எட்டில் ஓடைக்கு இந்தப் பக்கம். டேப் போட்டேன். பதினான்கும் கொஞ்சமும்!

ஜெ.க்குப் போன். கம்போடு வந்தாள். அட்டவணையைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு நடுரோட்டில் நின்று, "என் கர்த்தாவே!" பிறகு, "சாரே, காய்ச்சல் எப்பிடி இருக்கு?"

நான் தலைகுனிந்துகொண்டேன். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் தீயல் மிச்சம். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில்! பி.பி. பார்க்கவில்லை.

என் அளவுப்படி ஆறாவது வால்வு வரும் இடத்திலிருந்து 14.2 மேற்கே தள்ளி ஜெ. வட்டம் போட்டாள். புதுச் சிமெண்ட் ரோட்டின் சரி நடு. ஊராட்சித் தலைவி வந்தார். சுருக்கமாகப் பேசுகிறவர்.

"ரோடு போட்டு எட்டு மாசம் ஆகு சாரே. ஒரு குழிக்குச் சம்மதிக்கேன். ஒண்ணே ஒண்ணு. கிட்டலேண்ணா ரெண்டாவது தோண்ட விடமாட்டேன், பாறவிளக்காரங்க என் வாசல்ல வந்து நிண்ணாலும்."

ஜெ. போனை நீட்டினாள். ஒவ்வொரு இடத்துக்கும் கீழே இரண்டு கட்டம்: உறுதி. உத்தேசம். இந்த வாரம் முழுக்க நான் சொன்னது எல்லாம் இரண்டாவது கட்டம்தான். தலைவியும் எட்டிப் பார்த்தார். "உத்தேசம்ணு இருந்தா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்லட்டுமா என்றேன். ரா. வானத்தைப் பார்த்தார்.

எனக்குள் ஓடியவை: (1) கல் நின்ற இடத்துக்குச் சாட்சி ஒரு வாழைக்குலை. (2) அளந்த அன்று மழை. (3) டேப்பை எத்தனை முறை நீட்டினோம் என்று எண்ணுவதில் ஒன்று விட்டிருந்தால் முப்பது மீட்டர் போச்சு.

மூன்றாவதுதான் பயம். புத்தகத்தைத் திறந்தேன். என் கையெழுத்து, பென்சில், மங்கல்: 'வா.6. 21 டேப் + 11.35. மழை. மதியம் பலாப்பழம்.' ஓரத்தில் ஒவ்வொரு டேப்புக்கும் ஒரு புள்ளி. எண்ணினேன். இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். புள்ளி வைத்த அந்த முப்பத்துச் சொச்சம் வயது ஆள் என்னைப் போலவே பயந்தவன். ஒன்றுகூட விட்டிருக்க மாட்டான்.

முதல் கட்டத்தை அழுத்தினேன். நானே. விரலால்.

தலைவி கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

9.30க்கு உடைக்கும் இயந்திரம். காதே போய்விட்டது. ஊரில் பாதி கூடிவிட்டது. சொ. கூட வந்தாள், "காய் வாங்க வந்தேன்" என்று, கையில் பை இல்லாமல்.

ஓரடி: சிமெண்ட், ஜல்லி. இரண்டடி: பழைய தார். மூன்றடி: செம்மண். ஒன்றும் இல்லை. நான் ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

ரா. குழிக்குள்ளிருந்து: "இன்னும் நாலடி போனா கெணறாவது கிட்டும் சாரே!" எல்லோரும் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. வயலட்டும் சிரிக்கவில்லை.

எழுந்து குழி விளிம்புக்குப் போய், "மேற்கு ஓரத்தை இன்னும் கொஞ்சம் சுரண்டிப் பாருங்க, ராசையன்" என்றேன். சத்தமாக. சொ. திரும்பிப் பார்த்தாள்.

ஒரு செங்கல். பிறகு வரிசையாகச் செங்கல். வால்வைச் சுற்றிக் கட்டிய தொட்டியின் கிழக்குச் சுவர். நாங்கள் குழியைக் கிழக்கில் கூடுதலாகத் தோண்டியிருக்கிறோம். மண்ணை இழுத்ததும் இரும்பு மூடி, துருவில் சிவந்து, முழுசாக. ரா. அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

வால்வு அசையவில்லை. டீசல் ஊற்றிக் காத்திருந்தோம். சாவியை இரண்டு பேர் பிடித்து, கால் சுற்று. அரை. பிறகு இளகியது. மண்ணுக்கடியில் உறுமல் மாதிரி ஒரு சத்தம், மேட்டைப் பார்த்துப் போனது. காதை வைத்துக் கேட்டேன். வேட்டியெல்லாம் சகதி.

வயலட் குடத்தைப் போட்டுவிட்டு மேட்டில் ஓடினாள். இருபது நிமிடம். ரா.வுக்குப் போன். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது: "வந்தாச்சு! சாயா கலர்ல வருகு! வந்தாச்சு! அந்தப் பாட்டாட்டச் சொல்லுங்க!"

ரா. என்னிடம் திரும்பி, "சொல்லியாச்சு, பிள்ளைவாள்." இந்த முறை பட்டப்பெயர் இல்லை.

சொ.: "வீட்டுக்கு வாங்க. அந்த வேட்டிய உள்ள கொண்டு வந்துராதிய."

கிளம்பும்முன் ஜெ. வால்வின் தலையிலேயே கருவியை ஊன்றி உண்மையான இடத்தைக் குறித்தாள். நாங்கள் போட்ட வட்டத்தின் நடுவுக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டேன். "அது ஒண்ணும் இல்ல சாரே, விடுங்க" என்றாள். விடவில்லை. போனைப் பார்த்துச் சொன்னாள்.

மேற்கே 22 செ.மீ.

புத்தகத்தில் வா.6க்குக் கீழே குறித்துக்கொண்டேன், பேனாவால். மழையில் டேப் தொய்ந்திருக்க வேண்டும், நான் இன்னும் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். 14.2 கல்லுடையது. இந்த 22 என்னுடையது. உறுதி.