கடைசி பெஞ்சில் ஒரு முன்னாள் ஜனாதிபதி

வெள்ளை மாளிகை, வாஷிங்டன்
ஜனவரி 9

அன்புள்ள வின்னி,

சௌக்கியமா? இந்த வீட்டைக் காலி செய்யப் பெட்டி கட்டுகிறார்கள். இரண்டாம் முறை நின்று தோற்ற ஜனாதிபதியைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. என் மனைவி ரோஸ் காலமான பிறகு மேஜையில் நான் மட்டும்தான் சாப்பிடுகிறேன்.

ஊரார் கூடி ஊர் வேலைகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் மார்ச் ஊர்க்கூட்டத்துக்கு வருகிறேன். சாலைப் பொறுப்பாளர் வேலைக்கு ஆளில்லை என்று எழுதியிருந்தாயே. என் அரசியல் அந்த வேலையில்தான் தொடங்கியது. மறுபடி நிற்கிறேன். சிரிக்காதே.

உன் அண்ணன்,
வென்டல்

ஆல்டர் ஃபால்ஸ், வெர்மான்ட்
ஜனவரி 18

அன்பு அண்ணா,

நான் சிரிக்கவில்லை. கூட்டத் தலைவர் ஹோமர்தான் சிரித்தார். "நாட்டையே ஓட்டினவரு, நம்ம ஊரு மண்வெட்டியப் பிடிப்பாரா?" என்றார். "பிடிச்ச கைதானே" என்றேன்.

ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய். செனட்டர் ஆவதற்காக நியூயார்க்குக்குக் குடிபோனாய். உன் பெயரை இந்த ஊர் வாக்காளர் பட்டியலிலிருந்து அடித்ததே ஊர் எழுத்தரான நான்தான். அழுதுகொண்டே அடித்தேன். இப்போது நீ வெளியூர்க்காரன். வேலைக்கு நிற்க முடியாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கை தூக்கிக் கேட்டு, கூட்டத்தாரும் கை தூக்கி அனுமதித்தால் பேசலாம். அந்த அனுமதியை மட்டும் கேள். பிறகு இங்கேயே குடிவந்துவிடு, மற்றதைப் பார்ப்போம்.

அம்மாவின் சாவுக்குக்கூட நீ பிரச்சாரத்தை விட்டு வரவில்லை. அன்று முதல் இந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை இல்லை. இப்போதாவது வா.

வின்னி

நியூயார்க்
மார்ச் 8

வின்னி,

வந்தேன், நீயும் பார்த்தாய். எல்லோரும் எழுந்து நிற்பார்கள் என்று நினைத்தேனோ என்னவோ. ஒருவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார், அவ்வளவுதான்.

கோடிப் பேரிடம் வாக்குக் கேட்டவன் நான். அந்த நூறு பேரிடம் கை தூக்க முடியவில்லை. நவம்பர் தேர்தலில் நம் ஊர் வாக்கிலேயே தோற்றவன். நேருக்கு நேராக 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? கூட்டம் மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்தபோது கிளம்பிவிட்டேன். இனி வர மாட்டேன்.

வென்டல்

ஆல்டர் ஃபால்ஸ்
மார்ச் 13

அண்ணா,

நீ கை தூக்குவாய் என்று உன்னைப் பார்த்துப் பார்த்துத்தான் ஹோமர் சாலைப் பேச்சை அத்தனை நேரம் இழுத்தார். நீ போனதும் என்னிடம் வந்து, "என்னம்மா, வாயத் தொறக்காமலே போயிட்டாரு? நாங்க என்ன, வேணாம்னா சொல்லப்போறோம்?" என்றார்.

உனக்காக அம்மா பக்குவத்தில் பீன்ஸ் செய்து கொண்டுபோயிருந்தேன். சட்டியைத் திறக்காமல் வீட்டுக்குத் தூக்கிவந்தேன். சாலை வேலைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

நீ கேட்டிருந்தால் முதல் கை என்னுடையது. கேட்காதவனுக்கு நான் எப்படிக் கை தூக்குவேன்?

வின்னி